வகுப்பறையிலிருந்து குற்றவியல் நீதிமன்றத்திற்கு: அம்பேத்கரின் கல்விப் பாதை

உளவியல் படித்துவிட்டுக் குற்றவியல் நீதித் துறைக்கு மாறலாமா என்று கொட்டாரத்து மாணவர்கள் எங்களிடம் தயங்கிக் கேட்கின்றனர். அண்ணல் அம்பேத்கரும் ஒரே துறைக்குள் அடங்கியவர் அல்லர்.

1913-இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளியலே முதன்மைப் பாடம். எனினும் ஜான் டூயியின் வகுப்புகளில் அறவியலையும் அதன் உளவியல் அடிப்படைகளையும் பயின்றார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்தார். அதே ஆண்டு இலண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. (உதவித்தொகை வராமல் இடைநிற்கும் மாணவர்களை நாங்கள் இன்றும் காண்கிறோம்.) பரோடாவில் அதிகாரியாகப் பணியேற்றவரைப் பார்சி விடுதியிலிருந்து விரட்டினர். பின்னர் பம்பாய் சிடனம் கல்லூரியில் கற்பித்துச் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் தந்த கடன் ஆகியவற்றோடு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று பாரிஸ்டரானார்.

1923-இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1926-இல் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்ட பார்ப்பனரல்லாதார் இயக்கத்தினரான ஜெதே, ஜவல்கர், பாக்டே ஆகியோருக்காகப் புனேயில் மேல்முறையீட்டில் வாதாடி வென்றார். 1934-இல், வாசகரின் பாலியல் ஐயங்களுக்கு இதழில் விடையளித்ததற்காக ஆபாசக் குற்றம் சுமத்தப்பட்ட ஆர்.டி. கார்வேக்காக வாதாடித் தோற்றார். நாங்கள் மாணவர்களிடம் அதிகம் பேசுவது இந்தத் தோல்வியைத்தான். மனித மனத்தை அறிவது குற்றமாகாது என்ற வாதம் அதில் அடங்கியிருந்தது. ஈராண்டு கழித்து வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில், சாதியை இடித்துத் தள்ளக்கூடிய சுவராக அன்றி, மனத்தில் குடிகொண்ட ஒரு நிலையாகவே அவர் விளக்கினார்.