சார்ஜ் நிற்காத பேட்டரி: எடிசனை அலைக்கழித்த பத்து வருடங்கள்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றதும் பல்புதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பல்பைவிட நீண்ட காலம் அவரைப் பாடாய்ப் படுத்தியது பேட்டரி. சார்ஜ் ஏறும், நிற்காது. இன்றைக்கும் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் அதே புகார்தான்.

1900 வாக்கில் அமெரிக்காவில் பெட்ரோல், நீராவி, பேட்டரி கார்கள் மூன்றும் போட்டி போட்டன. பேட்டரி காரில் இருந்தது ஈய-அமில பேட்டரி. செம கனம். அமிலம் வேறு சுற்றியிருப்பதை எல்லாம் அரித்துவிடும். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்த எடிசன், நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வகத்தில் அமிலமே இல்லாத பேட்டரியில் இறங்கினார். காரக் கரைசலில் இரும்பும் நிக்கலும். மாடியிலிருந்து கீழே போட்டுக்கூடச் சோதித்தார்கள்.

1903இல் விற்பனைக்கு வந்தது. சரக்கு வண்டிகளில் மாட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே புகார்கள் குவிந்தன. சில பேட்டரிகள் கசிந்தன. சில, கசியாமலே வலு இழந்தன. ஏற்கெனவே ஏகத்துக்கும் பெருமை பேசியிருந்ததால் கேலிக்கும் பஞ்சமில்லை. எடிசன் உற்பத்தியை நிறுத்தினார்; விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெரிய நஷ்டம்தான். ஆனாலும் அவர் வாழ்க்கையில் எடுத்த நேர்மையான முடிவுகளில் இது ஒன்று.

கசிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம்: டப்பாவின் பற்றவைத்த இணைப்பு. இன்னொன்றுதான் தண்ணி காட்டியது. நிக்கல் சேர்மம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது என்பதால் அதில் கிராஃபைட் கலந்திருந்தார். சார்ஜ் ஏறி இறங்க, அந்த கிராஃபைட் கெட்டு உள்ளே தொடர்பு விட்டுப்போனது. பொருள் இருக்கிறது, மின்சாரம் போய்வர வழியில்லை! கிராஃபைட்டுக்குப் பதில் மெல்லிய நிக்கல் செதில்களைக் குழாய்களில் அடைத்தார். செம்பும் நிக்கலும் மாறி மாறி முலாம் பூசி, பிறகு செம்பை மட்டும் கரைத்தால் செதில் கிடைக்கும். புதிய பேட்டரி 1909இல் வந்தது.

கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய காரிலும் முதல் வேலை. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருக்கணும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்டும். ஏறவே இல்லை என்றால் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயர் இணைப்பைப் பார்க்க வேண்டும். ஏறியும் காலையில் இறங்கிக் கிடந்தால், வண்டியில் ஏதோ ஒன்று ராத்திரி முழுக்க மின்சாரம் குடிக்கிறது, அல்லது பேட்டரியின் தகடு போய்விட்டது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தும் இறங்கினால், குற்றவாளி பேட்டரியேதான்.

எடிசனின் பேட்டரி சரியானபோது காலம் மாறியிருந்தது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்துவிட்டது. 1912இல் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர். அதற்கு ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் தேவை; குளிரில் எடிசனின் பேட்டரி அதற்கு ஈடுகொடுக்காது. ஈய-அமில பேட்டரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எடிசனுடையது ரயில் பெட்டி விளக்குகளுக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் தலை விளக்குகளுக்கும் போனது. 1931இல் அவர் இறக்கும்வரை அதில் நல்ல வருமானமும் வந்தது.