கோப்புகளுக்குள் அடங்காத மனிதன்: பிரீட்ரிக் கிளவுசரின் வாழ்க்கை

பேர்ண் நகரிலிருந்து தூண் செல்லும் புகையிரதத்தில் நாள்தோறும் வேலைக்குச் சென்று வரும் நம்மவர் பலர், மியூன்சிங்கன் என்னும் நிலையத்தைக் கடந்து செல்கின்றனர். அவ்வூரில் 1895ஆம் ஆண்டு முதல் மனநோய் வைத்தியசாலை ஒன்று இயங்கி வருகின்றது. சுவிற்சர்லாந்தின் துப்பறியும் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படும் பிரீட்ரிக் கிளவுசர், தமது குறுகிய வாழ்நாளில் பல ஆண்டுகளை அவ்வைத்தியசாலையின் சுவர்களுக்குள்ளேயே கழித்தவர்.

குற்றம் புரிவோரின் மனத்தை ஆராய்ந்தோர் உலகில் பலர் உளர். நீதவான்கள் தம் ஆசனத்திலிருந்தும், வைத்தியர்கள் தம் அறையிலிருந்தும், பொலிஸார் விசாரணை மேசையிலிருந்தும் அதனை நோக்கினர். கிளவுசரோ மேசையின் மறுபக்கத்தில், விசாரிக்கப்படுபவனின் கதிரையில் அமர்ந்திருந்து அதனைக் கற்றார். அவரது வாழ்வும் எழுத்தும் தனிச்சிறப்புப் பெறுவதற்கு இதுவே காரணமாகும்.

1896ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 4ஆம் திகதி வியன்னா நகரில் கிளவுசர் பிறந்தார். தந்தை சுவிஸ் நாட்டவர். பிரெஞ்சு மொழி ஆசிரியர். தாய் ஒஸ்திரிய நாட்டவர். நான்கு வயதிலேயே தாயை இழந்த சிறுவன், கண்டிப்பு மிக்க தந்தையின் கீழ் வளர்ந்தான். 1909இல் குடும்பம் ஜேர்மனியின் மன்ஹைம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் மகன் சுவிற்சர்லாந்தின் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். பள்ளிகள் மாறின, ஊர்கள் மாறின, தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பிளவு மட்டும் மாறவில்லை. இளம் வயதிலேயே அவன் தற்கொலைக்கு முயன்றான்.

1916இல் சூரிச் நகரில் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையில் சித்தியெய்திய கிளவுசர், இரசாயனம் பயிலத் தொடங்கி விரைவிலேயே அதனைக் கைவிட்டார். அது முதலாம் உலகப் போரின் காலம். போரை வெறுத்துப் பல நாடுகளிலிருந்து தப்பி வந்த கலைஞர்கள் சூரிச்சில் தஞ்சமடைந்திருந்தனர். அவர்கள் தோற்றுவித்த 'டாடா' கலை இயக்கத்தின் நிகழ்ச்சிகளில் 1917இல் கிளவுசரும் பங்குபற்றினார். அக்காலத்திலேயே மோர்பின் என்னும் போதைமருந்து அவரைப் பற்றிக்கொண்டது. மருந்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பணத்திற்காகக் கடன், கடனை அடைக்கக் களவு, மருந்தைப் பெறப் பொய்யான வைத்தியச் சீட்டு என ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றங்கள் தொடர்ந்தன.

1918இல் அதிகாரிகள் அவரைச் சட்டப் பாதுகாவலர் ஒருவரின் பொறுப்பில் வைத்தனர். அப்போது அவருக்கு வயது 22. அக்காலத்தில் பாதுகாவலரின் பொறுப்பில் வைக்கப்பட்டவர் தமது பணத்தையோ வாழ்வையோ தாமே தீர்மானிக்கும் உரிமையை இழந்தார். சட்டத்தின் கண்களில் அவர் வளர்ந்த குழந்தை. கிளவுசர் தமது வாழ்நாள் முழுவதும் இந்நிலையிலேயே இருக்க நேர்ந்தது. அவ்வாண்டே ஜெனீவாவில் கைதுசெய்யப்பட்ட அவரைப் பரிசோதித்த வைத்தியர்கள், இன்று மனப்பிளவு நோய் என அழைக்கப்படும் நோய் அவருக்கு இருப்பதாக முடிவுசெய்தனர். பின்னர் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி வைத்தியசாலையில் அம்முடிவு மாற்றப்பட்டது. ஆயினும் எழுதப்பட்ட கோப்பு அழிவதில்லை. அவர் சென்ற இடமெல்லாம் அதுவும் அவரைப் பின்தொடர்ந்தது.

1921இல் மகனைத் தன் கண்ணில் படாத தூரத்திற்கு அனுப்ப விரும்பிய தந்தையின் ஏற்பாட்டில், கிளவுசர் பிரெஞ்சு அந்நியப் படையணியிற் சேர்ந்தார். அல்ஜீரியாவிலும் மொரோக்கோவின் குராமா என்னும் பாலைவன முகாமிலும் இரண்டாண்டுகள் கழிந்தன. இதய நோய் காரணமாக 1923இல் விடுவிக்கப்பட்ட அவர், பாரிஸ் நகரில் கோப்பை கழுவினார். அந்நிய நாட்டின் சமையலறையில் இரவு பகலாகக் கோப்பை கழுவும் வாழ்வை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னர் பெல்ஜியத்தின் சார்ல்றுவா நகரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியானார். அங்கு மலேரியாவும் மோர்பினும் அவரை மீண்டும் வீழ்த்தின. 1925இல் அவர் சுவிற்சர்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

இவ்விடத்திற் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு அவர் பேர்ண் மாநிலத்தின் விட்ஸ்வில் நிறுவனத்தில் ஓராண்டு காலம் அடைக்கப்பட்டார். தண்டனைக் கைதிகள் வயல்களில் உழைத்த பெரும் சிறைப்பண்ணை அது. ஆனால் கிளவுசரை அங்கு அனுப்பியது எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பும் அன்று. நிர்வாக அதிகாரிகளின் கட்டளையே. நிர்வாகத் தடுப்பு எனப்பட்ட இம்முறையின் கீழ், குடிப்பழக்கமுடையோர், நிலையான தொழிலற்றோர், மணமாகாத தாய்மார், ஊர் ஊராகத் திரியும் யெனிஷ் இன மக்கள் எனப் பலரும், குற்றம் எதுவும் நிரூபிக்கப்படாமலே அடைக்கப்பட்டனர். சமூகம் வகுத்த ஒழுங்கிற்கு அவர்களது வாழ்வு பொருந்தவில்லை என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு.

விட்ஸ்விலில் கிளவுசர் மீண்டும் தற்கொலைக்கு முயன்றார். விடுதலையின் பின்னர் 1927இல் மியூன்சிங்கன் வைத்தியர் மக்ஸ் முல்லர் அவருக்கு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை அளித்தார். நோயாளியைக் கோப்பின் வழியாக அன்றி, அவரது சொந்தப் பேச்சின் வழியாக அறிய முற்படும் சிகிச்சை அது. கிளவுசர் தோட்டத் தொழில் பயின்று 1931இல் தோட்டக்கலைச் சான்றிதழும் பெற்றார். ஆயினும் போதை மீண்டும் மீண்டும் அவரைத் தேடி வந்தது. வைத்தியசாலைக் கதவும் மீண்டும் மீண்டும் திறந்து மூடியது. மியூன்சிங்கனில் தாதியாகப் பணிபுரிந்த பெர்தா பெண்டல் என்னும் பெண்மணியின் அன்பே அவரது இறுதி ஆண்டுகளின் ஆறுதலாயிற்று.

1935இல் பேர்ண் நகரருகே வால்டவ் மனநோய் வைத்தியசாலையில் இருந்தவாறே அவர் ஒரு துப்பறியும் நாவலை எழுதி முடித்தார். மறு ஆண்டு சூரிச்சின் வார இதழ் ஒன்றில் தொடராக வெளிவந்த அந்நாவல், பேர்ண் மாநிலப் பொலிஸைச் சேர்ந்த ஸ்டூடர் என்னும் கதாபாத்திரத்தை நாட்டுக்கு அறிமுகம் செய்தது. ஸ்டூடர் பருத்த உடலும் வயதும் கொண்ட சாதாரண மனிதர். செல்வாக்கு மிக்கோரைப் பகைத்துக்கொண்டதால் பதவி இறக்கப்பட்டவர். முன்னர் சிறை சென்ற இளைஞன் ஒருவனைக் கொலைச் சந்தேகத்தில் தூண் சிறையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில், அவர் மனம் ஏனோ அமைதியிழக்கிறது. திரும்பிச் சென்று பார்க்கையில் இளைஞன் தூக்கில் தொங்குகிறான். அவனைக் காப்பாற்றும் ஸ்டூடர், அதன் பின்னரே வழக்கை உண்மையில் விசாரிக்கத் தொடங்குகிறார். ஒருமுறை சிறை சென்றவனே இம்முறையும் குற்றவாளி என ஊரே எளிதாக முடிவு செய்துவிட்ட நிலையில், உண்மைக் கொலையாளி ஊரின் மதிப்பிற்குரிய தலைவரே என்பது இறுதியில் வெளிப்படுகின்றது.

ஸ்டூடர், குற்றவியல் அறிஞர் ஹான்ஸ் குரோஸிடம் பயின்றவர் எனக் கிளவுசர் கதையில் அமைத்துள்ளார். குரோஸ் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஒஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த அவர், 1893இல் விசாரணை நீதவான்களுக்கான கைந்நூலையும் 1898இல் குற்ற உளவியல் பற்றிய நூலையும் வெளியிட்டு, அத்துறைக்கு அடித்தளம் இட்டவர். ஆனால் அவ்வறிஞரின் வாழ்விலும் ஒரு துயரம் உண்டு. அவரது மகன் ஒட்டோ குரோஸ், தாமே ஓர் உளவியல் வைத்தியராக இருந்தும் போதைக்கு அடிமையானவர். 1913இல் தந்தையின் முயற்சியால் அவர் கைதுசெய்யப்பட்டு மனநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டார். பின்னர் தந்தையே அவரது சட்டப் பாதுகாவலரானார். குற்றவாளிகளின் மனத்தை உலகிற்கு விளக்கியவரால் தம் வீட்டுப் பிள்ளையின் மனத்தைத் தொட முடியவில்லை.

1936இல் வெளியான கிளவுசரின் மற்றொரு நாவல், கற்பனைப் பெயரிட்ட ஒரு மனநோய் வைத்தியசாலையையே களமாகக் கொண்டது. அதில் மியூன்சிங்கனின் சாயலைக் கண்டோர் சினமுற்றனர். அதே ஆண்டு விடுவிக்கப்பட்ட கிளவுசர், பெர்தாவுடன் பிரான்சிலும் பின்னர் இத்தாலியிலும் வாழ்ந்தார். 1938 டிசம்பரில், ஜெனோவா அருகே நெர்வி என்னுமிடத்தில், அவர்களது திருமணத்திற்கு முந்தைய நாள் மாலை அவர் மயங்கி வீழ்ந்தார். டிசம்பர் 8ஆம் திகதி, 42ஆவது வயதில், உயிர் பிரிந்தது. மறு ஆண்டு ஸ்டூடரின் கதை திரைப்படமாகி நாடெங்கும் புகழ்பெற்றது. ஜேர்மன் மொழியின் சிறந்த துப்பறியும் எழுத்துகளுக்கு 1987 முதல் வழங்கப்படும் பரிசும் அவரது பெயரையே தாங்கியுள்ளது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டிருந்த குற்றவியற் சட்டங்களுக்கு மாற்றாக, சுவிற்சர்லாந்து முழுவதற்குமான தண்டனைச் சட்டத்தை மக்கள் அவர் மறைந்த 1938ஆம் ஆண்டிலேயே வாக்களித்து ஏற்றனர். அது 1942இல் நடைமுறைக்கு வந்தது. எனினும் நிர்வாகத் தடுப்பு 1981 வரை நீடித்தது. 2013இல் அரசாங்கம் பாதிக்கப்பட்டோரிடம் பகிரங்க மன்னிப்புக் கோரியது. இருபதாம் நூற்றாண்டில் குறைந்தது 60,000 பேர் இவ்வாறு அடைக்கப்பட்டனர் என 2019இல் நிபுணர் குழு மதிப்பிட்டது. உயிருடன் இருந்த பாதிக்கப்பட்டோருக்குத் தலா 25,000 பிராங்குகள் வழங்கப்பட்டன. கிளவுசருக்கு எதுவும் வந்து சேரவில்லை.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானது அன்று. புகலிடம் கோரி வந்தோர் யாவரும் விசாரணைக் கதிரையில் அமர்ந்து, தம் வாழ்வு பிறரது கையெழுத்தில் கோப்பாக மாறுவதைக் கண்டவர்களே. இந்நாட்டுப் புகலிட விசாரணையின் முடிவில், எழுதப்பட்டதை நமது மொழியில் மீள வாசித்துக் காட்டுவர். அதன் பின்னரே ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம் பெறுவர். களைப்பிலும் அச்சத்திலும் நம்மவர் பலர் அவ்வேளையில் வெறுமனே தலையசைத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தலாகாது. பிழையெனக் கண்டதைத் திருத்துமாறு அங்கேயே கேட்டல் வேண்டும். கிளவுசருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.

மற்றொன்றும் உண்டு. போதைக்கோ களவுக்கோ ஆளான பிள்ளையை, குடும்ப மானத்திற்கு அஞ்சி மறைக்கவும் ஒதுக்கவும் முற்படும் பெற்றோர் நம்மிடையேயும் உள்ளனர். வைத்தியரின் உதவியை நாடுவது அவசியமே. ஆயினும் அதற்கு முன் அப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, அவன் சொல்வதை முழுவதுமாகக் கேட்டல் வேண்டும். தம்மை அவ்வாறு கேட்டவர்கள் மிகச் சிலராயிருந்தும், கிளவுசர் தாம் படைத்த பொலிஸ்காரருக்கு அப்பண்பையே அளித்துச் சென்றார்.