எண்ணும் எழுத்துமாக ஒரு வாழ்வு: டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ்

சமூகவியல் ஆய்வில் இறங்குகிற மாணவர்கள் சீக்கிரமே எதிர்கொள்கிற கேள்வி, நீ எண் பக்கமா, எழுத்துப் பக்கமா என்பது. படிவம் நிரப்பி, அட்டவணை போட்டு, சதவீதம் கணக்கிடுகிறவர்கள் அளவுசார் ஆய்வாளர்கள். மக்களோடு இருந்து, பேச்சுக் கொடுத்துக் கேட்டு, குறிப்பெழுதுகிறவர்கள் பண்புசார் ஆய்வாளர்கள். ஒருவரையொருவர் சற்று இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே இரு தரப்பும் பல பத்தாண்டுகளை ஓட்டிவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இரண்டையும் சேர்த்துச் செய்வதற்குக் கலப்பு முறை என்று பெயர் வைத்துப் பாடநூல்களும் எழுதினார்கள். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழத் தனியாளாக, ஒரு நகரத்தின் தெருக்களில் நடந்து அதைச் செய்தவர் டு பாய்ஸ்.

நம்மில் பலர் அவரைக் கறுப்பின உரிமைப் போராளியாகவே அறிவோம். அம்பேத்கர் 1946இல் அவருக்குக் கடிதம் எழுதியது பற்றிப் படித்தவர்களும் இருக்கலாம். (பிரெஞ்சுப் பெயர் என்பதால் டுபுவா என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் தம் பெயரை டு பாய்ஸ் என்றே சொன்னார்.) எனக்கு அவருடைய அரசியலைவிட அவர் எண்ணிய விதத்தில்தான் அதிக ஈடுபாடு.

1868 பிப்ரவரி 23இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். டென்னசியில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோடை விடுமுறைகளில் கிராமத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தினார். வடக்கே வளர்ந்த பையனுக்கு அடிமைமுறையின் மிச்சம் கண்முன் தெரிந்தது அங்கேதான். பிறகு ஹார்வர்ட். 1892 முதல் 1894 வரை பெர்லின். அங்கே குஸ்தாவ் ஷ்மோலரிடம் படித்தார். நாற்காலியில் உட்கார்ந்து கோட்பாடு சமைக்காதே, முதலில் வரலாற்றையும் புள்ளிவிவரங்களையும் திரட்டு என்பது ஷ்மோலர் வழியினரின் கொள்கை. 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் ஆனார். பட்டம் கொடுத்த உலகம் அதற்கேற்ற வேலையைக் கொடுக்கவில்லை.

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அழைத்தது. பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் கறுப்பர்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். நகரத்தின் குற்றத்துக்கும் ஊழலுக்கும் அவர்களே காரணம் என்று பெரிய மனிதர்கள் பலர் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார்கள் என்பதும், அந்த முடிவுக்கு ஒரு பல்கலைக்கழக முத்திரை தேவைப்பட்டது என்பதும் டு பாய்ஸ் பிற்காலத்தில் எழுதிய கருத்து. அவருக்குக் கொடுத்த பதவி உதவிப் பயிற்றுநர். வகுப்பெடுக்கும் வேலை கிடையாது. பல்கலைக்கழகத்தின் விவரப் பட்டியலில்கூடத் தம் பெயர் இடம்பெறவில்லை என்று வருத்தத்தோடு நினைவுகூர்ந்திருக்கிறார். புதிதாக மணம் முடித்த மனைவி நீனாவுடன் அந்த வார்டிலேயே, ஓர் உணவகத்தின் மாடியில் ஒற்றை அறையில் குடியேறினார்.

அந்த வார்டில் 9,675 கறுப்பர்கள் இருந்தார்கள். ஏறக்குறைய 2,500 வீடுகள். வீட்டு வேலையாட்களைப் பற்றிய பகுதியை மட்டும் இசபெல் ஈட்டன் என்ற பெண்மணி எடுத்துக்கொண்டார். மற்ற கதவுகளை எல்லாம் தட்டியது டு பாய்ஸ்தான். குடும்பத்துக்கு ஒரு படிவம், தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, சபைகளுக்கும் சங்கங்களுக்கும் ஒன்று, வேலையாட்களுக்கு ஒன்று என ஆறு வகைப் படிவங்கள். ஒரு வீட்டில் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். படிவத்துக்கான பதில் முடிந்த பிறகும் பேச்சு நீளும். அந்தப் பேச்சும் அவருக்குத் தரவுதான்.

என்னைக் கவர்வது, தாம் சேகரித்த எண்களை அவரே சந்தேகித்த விதம். கேள்வி புரியாமல் பதில் சொல்லியிருக்கலாம், மறந்திருக்கலாம், வேண்டுமென்றே பொய் சொல்லியிருக்கலாம் என்று நூலின் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். ஆய்வாளனுக்கும் சாய்வு இருக்கும் என்கிறார். கணவன் விட்டுப்போன பெண்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது, பொய்யான பதில்களுக்கும் இடம்விட்டே கணக்கை வாசிக்கிறார். வாசலில் நிற்கிற அந்நியனிடம் வீட்டு நிலவரத்தை யார்தான் முழுக்கச் சொல்வார்கள்? வாடகை வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று வெள்ளைக்கார அதிகாரி கேட்டபோது நம் ஆட்களில் சிலர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்ன கதைகள் புலம்பெயர்ந்த நமக்குப் புதிதல்லவே. எண் என்பதும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் சொன்ன சொல்தான் என்பதை டு பாய்ஸ் மறக்கவே இல்லை.

வேலை பற்றிய பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையைப் பார்த்தால், அந்த வார்டின் ஆண்களில் பெரும்பாலோர் கூலியாட்கள் அல்லது வீட்டு வேலையாட்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால் முன்முடிவோடு காத்திருந்தவர்களுக்கு அதுவே சாட்சியாகியிருக்கும்: பார், இவர்களால் முடிந்தது இவ்வளவுதான் என்று. டு பாய்ஸ் அதே நூலில் ஆள் ஆளாக நடந்ததை எழுதுகிறார். அவர்களில் ஒருவர் அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவர். விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து, நல்ல தேர்ச்சியின் பேரில் வேலை பெற்றார். சில மணி நேரத்தில் அவர் கறுப்பர் என்று தெரிந்ததும் நீக்கிவிட்டார்கள். நூல் எழுதப்பட்ட காலத்தில் அவர் ஒரு மன்றத்தில் பரிமாறுபவராக இருந்தார். அவருடன் படித்த வெள்ளையர்கள் சாப்பிட வரும் மன்றம் அது. அட்டவணையில் இந்த மனிதர் பரிமாறுபவர் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி. கதையைக் கேட்ட பிறகு அந்தக் கட்டம் முழுவதையும் வேறு கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. அதேபோல, இந்த ஒரு கதை மட்டும் இருந்தால் ஏதோ ஒரு துரதிர்ஷ்டசாலி என்று தள்ளிவிடலாம். பின்னால் ஆயிரக்கணக்கான வீடுகளின் கணக்கு நிற்பதால் தள்ள முடியவில்லை.

குறையும் உண்டு. ஹார்வர்டும் பெர்லினும் கண்ட அந்த 28 வயது இளைஞர் வார்டு மக்களை நான்கு தரமாகப் பிரித்து வரைபடத்தில் நிறம் தீட்டினார். அடித்தட்டினரைப் பற்றி எழுதும்போது ஒழுக்க உபதேசம் தலைதூக்குகிறது. அந்தப் பக்கங்கள் எனக்கு உவப்பாக இல்லை. தங்களை விநோதப் பிராணிகள்போல் ஆராய வந்தவரை அந்த மக்களும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை.

'த பிலடெல்பியா நீக்ரோ' 1899இல் வெளிவந்தது. (நீக்ரோ என்பது அக்காலத்தின் மரியாதைச் சொல்.) அதற்குள் அவர் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே ஜார்ஜியாவின் டோகர்ட்டி மாவட்டத்துப் பருத்திக் குத்தகையாளர்களை ஆராய்ந்தார். 1898இல் கணக்கில் வந்த 300 குடும்பங்களில் 175 குடும்பங்கள் அந்த ஆண்டை மொத்தம் 14,000 டாலர் கடனோடு முடித்தன. 50 குடும்பங்களுக்கு வரவும் இல்லை, கடனும் இல்லை. மிச்சமுள்ள 75 குடும்பங்களுக்குச் சேர்த்துக் கிடைத்த லாபம் 1,600 டாலர். இந்தக் கணக்கு இடம்பெறுவது 1903இல் வந்த 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்ற நூலில். அதே மாவட்டத்தை முந்தைய அத்தியாயத்தில் ஒரு வழிப்போக்கனாகச் சுற்றிக் காட்டிவிட்டு, அடுத்ததில் இந்தக் கணக்கை விரிக்கிறார். இலக்கியமென்று நாம் கொண்டாடும் அந்த நூலுக்குள் இப்படி ஒரு கணக்கேடும் இருப்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை.

1899 ஏப்ரலில் சாம் ஹோஸ் என்ற கறுப்பரை ஜார்ஜியாவில் ஒரு கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. நிதானமாக எழுதிய விளக்கத்தோடு ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்த டு பாய்ஸ், கொல்லப்பட்டவரின் விரல்முட்டிகள் அதே தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் இறந்தான். உண்மையைத் திரட்டிக் கொடுத்தால் போதும், உலகம் திருந்தும் என்ற நம்பிக்கையில் விழுந்த விரிசல் பிறகு அடைபடவே இல்லை.

ஆனாலும் எண்ணுவதை அவர் உடனே விட்டுவிடவில்லை. 1900 பாரிஸ் கண்காட்சிக்காக மாணவர்களோடு சேர்ந்து கையால் வண்ணம் தீட்டிய சுமார் 60 விளக்கப்படங்கள் தயாரித்தார். அவற்றோடு சில நூறு புகைப்படங்களும் வைக்கப்பட்டன. ஒரு பக்கம் நிலவுடைமை, கல்வி, மக்கள்தொகை பற்றிய கோடுகளும் சுருள்களும். மறுபக்கம் நல்ல உடை அணிந்து நேராகப் பார்க்கிற முகங்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது. கப்பலில் அவர் போனது மிகக் கீழ்வகுப்பில்.

1906இல் அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டத்தில் அமெரிக்க அரசின் தொழில்துறைக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அரசு பணத்தைக் கொடுத்தது, அறிக்கையை வெளியிடவில்லை. அரசியல் விஷயங்களைத் தொடுகிறது என்றார்கள். பின்னாளில் பிரதியைத் திருப்பிக் கேட்டபோது அழித்துவிட்டதாகப் பதில் வந்தது.

1910இல் அட்லாண்டாவை விட்டு என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்குப் போய் 'கிரைசிஸ்' இதழை ஆரம்பித்தார். அதன்பின் ஐம்பதாண்டுப் பொதுவாழ்வு, வழக்கு, பறிக்கப்பட்ட கடவுச்சீட்டு எல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1961இல் கானா சென்றார். 1963 ஆகஸ்ட் 27இல், வாஷிங்டன் பேரணிக்கு முதல் நாள், அக்ராவில் தமது 95ஆம் வயதில் காலமானார். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012இல் அவரைச் சமூகவியலின் கௌரவ ஓய்வுநிலைப் பேராசிரியராக அறிவித்தது.

பிலடெல்பியா நூல் காப்புரிமை கடந்தது, இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. அத்தனை அட்டவணைகளையும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் 16ஆம் அத்தியாயத்தையாவது படிக்கலாம். அந்தப் பொறியாளர் அங்கேதான் இருக்கிறார்.