நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழ் மூன்று கூறுடைத்தென்பது கற்றார் யாவரும் அறிந்ததே. ஆயின் அம்மூன்றனுள் இயற்றமிழுக்கு ஏட்டிலும் இசைத்தமிழுக்கு அவையிலும் கிட்டிய மதிப்பு நாடகத் தமிழுக்கு நெடுங்காலம் கிட்டிற்றிலது. கூத்தாடிகள் என்னும் ஒரு சொல்லால் நடிகர் கூட்டத்தை ஊருக்குப் புறம்பே நிறுத்திய காலமும் நம் நாட்டில் உண்டு. அக்காலத்தே தோன்றி, மேடைக்கென நாடகங்கள் பல இயற்றி, அவற்றை நடித்தற்குரிய மாணவர் குழாத்தையும் தாமே பயிற்றுவித்தவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம் என்னும் இசை நாடகத்தை விடியுமளவும் கண்விழித்துக் கண்டு களித்தோர் தமிழ்நாட்டில் எண்ணிறந்தோர். அதனை இயற்றியவர் இன்னார் என அறிந்தோரோ மிகச் சிலர். ஆதலின் அப்பெரியார்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றாம்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தூத்துக்குடியில் தாமோதரத் தேவர் என்பார்க்கு மைந்தராகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணப் பயிற்சியில் வல்லவர். மைந்தர்க்கு முதலாசிரியரும் அவரே. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சென்று இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அங்கே இவர்க்கு ஒருசாலை மாணாக்கர். இளமையிலேயே வெண்பாவும் சந்தப் பாவும் பாடும் ஆற்றல் இவர்க்கு வாய்த்திருந்தது. ஆயினும் வயிற்றுப்பாட்டின் பொருட்டு உப்புப் பண்டகசாலையொன்றிற் கணக்கராக அமர்ந்தார். 24-ஆம் வயதளவில் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவிற் புகுந்தார்.

அக்காலத்தின் நிலையை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1891-ஆம் ஆண்டில் சுந்தரம் பிள்ளையவர்களின் மனோன்மணீயம் வெளிவந்தது. அது படித்துச் சுவைத்தற்கு அமைந்த நாடகக் காப்பியம். அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவினார். கற்றவரும் உத்தியோகத்தரும் பொழுதுபோக்காக நடிக்கும் சபை அது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் தமிழாசிரியராய் விளங்கிய சூரியநாராயண சாஸ்திரியார், 1897-இல் நாடகவியல் என்னும் இலக்கண நூலை வெளியிட்டார். இங்ஙனம் கற்றறிந்தார் நடுவே நாடகத்தைப் பற்றிய எண்ணம் துளிர்த்த அதே காலத்தில், சங்கரதாஸர் ஊர் ஊராகக் கொட்டகையிட்டு வயிறு வளர்க்கும் தொழின்முறை நடிகர் கூட்டத்திலே போய்ச் சேர்ந்தார். யாப்பறிந்த புலவரொருவர் இவ்வாறு துணிதல் அந்நாளில் எளிதன்று. பெற்ற கல்வியைத் தாழ்ந்த தொழிலுக்கு விற்றான் என்னும் பழிச்சொல்லுக்கும் அஞ்சாத நெஞ்சுரம் அதற்கு வேண்டும்.

முதலில் அவர் நடிகராகவே விளங்கினார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் அவர்க்கே உரியவை எனக் கருதப்பட்டன. கம்பீரமான தோற்றமும் இடிமுழக்கம் போன்ற குரலும் அவர்க்கு இயல்பாய் அமைந்திருந்தன. அவ்வாற்றலே அவரை மேடையினின்றும் விலக்கியது என்பர். எமன் வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற மாது ஒருத்தியின் கரு சிதைந்ததென்றும், நளதமயந்தி நாடகத்திற் சனீசுவரனாய் நடித்த ஓரிரவின் முடிவில், வேடம் கலைக்க வைகறையில் நீர்நிலைக்குச் சென்றபோது எதிர்ப்பட்ட பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர் நீத்தாளென்றும் நாடக உலகில் வழிவழியாகக் கூறப்படுகின்றது. தம் கலையின் வெற்றியே பிறர்க்குத் துயராய் முடிந்தமை கண்டு நெஞ்சம் உடைந்த அவர், இனி வேடம் புனைவதில்லை எனத் துணிந்தார். புகழின் உச்சியில் நிற்கும் நடிகன் தன் முகத்தைத் தானே மறைத்துக் கொள்ளுதல் எத்துணை அரிதென்பதை நாம் ஓர்ந்துணர்தல் வேண்டும்.

அதன்பின் உலகப் பற்று நீங்கி, காவி உடுத்துத் தலயாத்திரை மேற்கொண்டார். சங்கரதாஸர் சுவாமிகள் ஆனது அப்பொழுதே. வாழ்நாள் முழுதும் மணம் புரியாது வாழ்ந்தார். யாத்திரைக் காலத்திற் புதுக்கோட்டையை அடைந்த அவரைக் கஞ்சிரா வாத்தியத்தில் இணையற்ற மேதையான மான்பூண்டியா பிள்ளை தம் இல்லத்தில் வைத்துப் புதல்வர் போற் பேணினார். லயத்தின் நுட்பங்களையெல்லாம் சுவாமிகள் அவரிடமே கற்றுத் தெளிந்தார். திருப்புகழின் அரிய சந்தங்கள் அவர் பாடல்களில் இயல்பாய் வந்து அமைந்தமைக்கு இப்பயிற்சியே காரணம். பழனியிற் பெற்ற யாப்பும் புதுக்கோட்டையிற் பெற்ற தாளமும் ஒன்றுபட்டன. அவ்விரண்டன் கூட்டமே சுவாமிகளின் நாடகப் பாடல்.

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் 40-க்கு மேற்பட்டவை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், சதி சுலோசனா, பிரகலாதன், இலவகுசா முதலியன அவற்றுட் சில. புராணக் கதைகளோடு அவர் அமைந்தாரல்லர். கிறித்தவ மக்களிடையே பெரிதும் வழங்கிய ஞானசௌந்தரி கதையையும் நாடகமாக்கினார். வடமொழி மிருச்சகடிகமும், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத், சிம்பலைன் ஆகியனவும் அவர் கைப்பட்டுத் தமிழ் மேடை ஏறின. எச்சமயத்தார் போற்றும் கதையாயினும், எந்நாட்டுக் கதையாயினும், அறம் உணர்த்துமாயின் அது தமக்குரியதே என்பது அவர் கொள்கை போலும். அவருக்கு முன்பெல்லாம் நடிகர் தத்தமக்குத் தோன்றியவாறே மேடையில் உரையாடுவர். நகைச்சுவை என்னும் பெயரால் இழிசொற்களும் இடம்பெறும். சுவாமிகளோ பாடலையும் வசனத்தையும் வரையறுத்து எழுதி, திருக்குறள், நாலடியார் முதலிய நூல்களின் கருத்துக்களை உரையாடலிற் பொதிந்து வைத்தார். எழுத்தறியாத உழவனும் கொட்டகைத் தரையில் அமர்ந்து நீதி நூல் கேட்கலாயினன்.

ஆயினும் எழுதுதல் மட்டும் போதாது என்பதைச் சுவாமிகள் விரைவில் உணர்ந்தார். பெரிய நடிகர்கள் வாத்தியார் சொல்லுக்கு அடங்கார். குடிப்பழக்கமும் ஒழுங்கின்மையும் அவருட் பலரிடம் மலிந்திருந்தன. ஆதலின் இளஞ்சிறாரைத் திரட்டிப் பயிற்றுவதே நாடகத்தைத் தூய்மை செய்யும் வழியெனக் கொண்டு, 1910-இல் மதுரையிற் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். செங்கோட்டைக் கிட்டப்பா தம் உடன்பிறந்தாரோடு சிறுவனாய்ச் சேர்ந்து பயின்றது இச்சபையிலேயே. பின்னர் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் மதுரையிலேயே தோன்றிற்று. நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை தம் மக்களான சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோரை இச்சபையிற் சேர்த்தார். அப்பொழுது சண்முகத்துக்கு வயது 6. டி. கே. எஸ். சகோதரர் எனப் பிற்காலத்தில் நாடு போற்றியவர் இவர்களே.

சண்முகத்தின் ஆற்றலைக் கண்ட சுவாமிகள் அவன்பொருட்டு அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை எழுதினார். ஓரிரவு விளக்கருகே அமர்ந்து எழுதத் தொடங்கியவர், பொழுது புலர்வதற்குள் நான்கு மணி நேரம் நடித்தற்குரிய முழு நாடகத்தையும், பாடல்களும் வசனங்களும் உட்பட, அடித்தல் திருத்தலின்றி முடித்து வைத்தார் என்ப. புலவர் பலர்க்கு விரைந்து பாடும் திறன் உண்டு. ஆறேழு வயதுச் சிறுவனொருவனின் குரலும் மூச்சும் அறிந்து, அவன் நாவிற்கு இசையுமாறு ஓரிரவில் நாடகம் சமைத்தல் வேறு திறன். தாய்மையுணர்வும் அதிற் கலந்துள்ளது.

எனினும், பாலர் கம்பெனி வாழ்வு இன்பமே நிறைந்தது எனல் உண்மைக்குப் புறம்பாகும். பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராய் அலைந்தனர். பள்ளிக் கல்வி அவர்க்கு இல்லை. பாடம் தவறியவர்க்கு அடியும் உண்டு. சுவாமிகளின் பெயர் கேட்டாலே சிறுவர் நடுங்குவர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பிள்ளைகள் பலர் வேடமிழந்து வாடினர். இக்குறைகளை மறைத்துச் சுவாமிகளைப் புகழ்தல் அவர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. ஆயின் அக்கண்டிப்பின் நடுவே அச்சிறார் பெற்றது யாது? எழுத்துப் பிழையற்ற உச்சரிப்பு, யாப்போசை, தாள உணர்வு, ஆயிரக்கணக்கான அடிகளை நெஞ்சில் நிறுத்தும் நினைவாற்றல் ஆகியன. கல்லூரி காணாத சண்முகம், 1942-இல் அரங்கேறிய ஔவையார் நாடகத்தில் மூதாட்டி வேடம் புனைந்து ஔவை சண்முகம் எனப் பெயர் பெற்றதும், எனது நாடக வாழ்க்கை என்னும் அரிய நூலை 1972-இல் வெளியிட்டதும் அப்பயிற்சியின் பயனே.

சுவாமிகளின் இறுதிக்காலம் எண்ணுந்தோறும் உள்ளத்தை உருக்குவது. பக்கவாதம் அவரைப் பற்றியது. கைகால்கள் முடங்கின. நாவும் தடைப்பட்டது. பிறர்க்குச் சொல் வழங்குதலையே தொழிலாகக் கொண்டவர் தாம் ஒரு சொல்லும் தெளிவாய்க் கூற மாட்டாது கிடந்தார். அந்நிலையிலும் தம் பிள்ளைகளைப் பிரியாது சபையோடேயே இருந்தார். 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்த பொழுது, அவர் ஆவி பிரிந்தது. வீடும் மனைவி மக்களும் இல்லாத அவரை அடக்கம் செய்த இடம் புதுச்சேரி கருவடிக்குப்பம்.

ஆசிரியர் மறைந்தார், பாடம் மறையவில்லை. 1925-இல் டி. கே. எஸ். சகோதரர் திருவனந்தபுரத்தில் தமக்கெனச் சபை கண்டு சுவாமிகளின் நாடகங்களைத் தொடர்ந்து நடத்தினர். கிட்டப்பாவோ கொடுமுடி சுந்தராம்பாளுடன் இணைந்து வள்ளி திருமணத்தை நடித்து, தமிழ்நாட்டையும் இலங்கையையும் தம் இசையால் ஆட்கொண்டார். தினைப்புனத்தில் ஆலோலம் பாடும் வள்ளியாகச் சுந்தராம்பாளும், வேடனாயும் விருத்தனாயும் வந்து வாதாடும் வேலனாகக் கிட்டப்பாவும் தோன்றும்போது, ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்திற் கொட்டகையின் கடைசி வரிசை மக்களும் ஒவ்வொரு சொல்லையும் கேட்டு மகிழ்ந்தனர். அப்பேறு நெடுநாள் நிலைக்கவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா தம் 27-ஆம் வயதிலேயே இறந்தார். அன்றுமுதல் வெண்ணிற ஆடையே உடுத்து 1980 வரை வாழ்ந்தார் சுந்தராம்பாள். அவ்விருவரும் பாடியதைக் கேட்டோர் அவ்வின்பத்தைத் தம் மக்களுக்கும் பேரர்க்கும் கதையாய்ச் சொல்லி வைத்தனர். வேறெந்த நடிகர் வள்ளி திருமணம் ஆடினும் அவ்விணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அம்முதியோர்க்கு வழக்கமாயிற்று.

அந்நடிகரும் போயினர், அவரைக் கண்ட கண்களும் பெரும்பாலும் மூடின. எனினும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடைபெறுகின்றது. ஸ்பெஷல் நாடகம் என அதற்குப் பெயர். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோரூரிலிருந்தும், பபூனும் ஹார்மோனியக்காரரும் வேறு ஊர்களிலிருந்தும் மாலையில் வந்து சேர்வர். ஒத்திகை என்பது கிடையாது. முன்பின் சேர்ந்து நடித்திராத அவர்கள் இரவெல்லாம் ஒரு நாடகத்தைத் தடையின்றி நடத்தி முடிப்பது எவ்வாறு? அனைவரும் சுவாமிகளின் பாடத்தைக் கற்றவர் என்பதே விடை. ஒருவர் அடியெடுத்தால் மற்றவர்க்கு அடுத்த அடி தெரியும். ஒரு மொழியைப் பேசுவோர்க்கு இலக்கணம் எத்தகையதோ, அந்நடிகர்க்குச் சுவாமிகளின் பாடம் அத்தகையது.

தமிழ் பயிலும் நாம் இதனின்றும் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. சாஸ்திரியாரின் நாடகவியலை நாம் ஏட்டிற் பயில்கின்றோம். சுவாமிகளின் நாடகங்களையோ இலக்கியமென ஏற்கத் தயங்குகின்றோம். அச்சேறியவை சில, நடிகர் வாய்மொழியிலும் பழைய கையெழுத்துப் பிரதிகளிலும் சிதறிக் கிடப்பவை பல, அழிந்தொழிந்தன எத்துணையோ! விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ அன்பர்கள் தத்தம் ஊர்த் திருவிழாவில் நாடகம் நடக்குமாயின் ஓரிரவு கண்விழித்துக் கேட்பாராக. முதிய நடிகர் எவரேனும் அருகிருப்பின் அவர் நெஞ்சிலுள்ள பாடல்களைப் பணிவுடன் கேட்டு எழுதி வைப்பாராக. தமக்கென ஒன்றும் வைத்துக் கொள்ளாது தமிழனைத்தையும் சிறுவர் நாவிலே வைத்துச் சென்ற அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.