கயேத்தான் துகா

கயேத்தான் துகா (இறப்பு: மார்ச் 30, 1984) கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த விமானப் பணியாளர் ஆவார். எய்ட்ஸ் நோய் பரவத் தொடங்கிய காலத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வொன்றுக்கு உதவியவர். பெயரின்றி வெளியான அவ்வாய்வில் இவருக்கு இடப்பட்ட குறியீடு, பேஷண்ட் ஜீரோ, அதாவது சுழிய நோயாளி, எனத் திரிந்தது. இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1987இல் ஒரு நூல் இவரது பெயரை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து, வட அமெரிக்காவிற்கு எய்ட்ஸைக் கொண்டு வந்தவர் என்ற பழி இவர்மேல் விழுந்தது. அது தவறு என்பதை 2016இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது.

வாழ்க்கை

துகா கியூபெக் நகரப் பகுதியில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். முதலில் சிகையலங்காரத் தொழில் செய்தார். பின்னர், விமானப் பணிக்கு வேண்டிய ஆங்கிலத்தைக் கற்பதற்காக வான்கூவருக்குச் சென்று, ஏர் கனடா நிறுவனத்தில் சேர்ந்தார். நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களுக்கு அடிக்கடி சென்று வந்தார். தன்பாலீர்ப்பாளரான இவர் அதனை மறைக்காமல் வாழ்ந்தார்.

1980இல் இவரது தோலில் தோன்றிய புள்ளிகள் கபோசி சர்கோமா என்னும் புற்றுநோய் எனக் கண்டறியப்பட்டன. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை ஜூன் 5, 1981 அன்றுதான் வெளிவந்தது. ஆகவே இவர் நோயுற்றபோது அந்நோய்க்குப் பெயர்கூட இருக்கவில்லை.

கொத்து ஆய்வு

1982இல் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வில்லியம் டாரோ, டேவிட் ஆவர்பாக் ஆகியோர் தெற்குக் கலிபோர்னியாவில் நோயுற்ற ஆண்களிடம் அவர்களது பாலுறவுத் துணைவர்கள் யார் யார் எனக் கேட்டறிந்தனர். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறதா என்று அறிவதே நோக்கம். அவர்களுள் சிலர், கலிபோர்னியாவைச் சேராத ஒரே மனிதரைக் குறிப்பிட்டனர். அவர்தாம் துகா.

ஆய்வாளர்கள் அணுகியபோது துகா ஒத்துழைத்தார். மற்றவர்களுள் பலருக்குத் துணைவர்களின் பெயர்கள் நினைவில் இல்லை. இவரோ 72 பேரின் பெயர்களைக் கொடுத்தார். ஆய்வில் இவர் மையமாகத் தோன்றியதற்கு இவரது நல்ல நினைவாற்றலும் ஒரு காரணம் என்பது பின்னர் உணரப்பட்டது. நிறையச் சொன்னவரிடமிருந்தே நிறையக் கோடுகள் கிளம்பின.

ஆய்வின் முழு வடிவம் மார்ச் 1984இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. 10 நகரங்களைச் சேர்ந்த 40 நோயாளிகளை இணைத்துக் காட்டும் வரைபடம் அதில் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நால்வரும் நியூயார்க்கில் நால்வரும் துகாவோடு நேரடித் தொடர்புடையவர்கள். மையத்தின் நோயாளிப் பட்டியலில் இவரது எண் 57. கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால், வெளியே எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தான ஓ என்பதை இவருக்குக் குறியீடாக இட்டிருந்தனர். ஆங்கிலத்தில் அவ்வெழுத்தும் சுழியமும் ஒரே வடிவில் இருப்பதால் அலுவலகத்திலேயே அது சுழியம் எனப் படிக்கப்பட்டது. கட்டுரையிலும் அவ்வாறே அச்சாயிற்று.

நோய் தொற்றி ஏறத்தாழ 10 மாதங்களில் அறிகுறி தோன்றும் என்று ஆய்வாளர்கள் அன்று கணித்திருந்தனர். சிகிச்சை இல்லாதபோது சராசரியாக 10 ஆண்டுகள் ஆகும் என்பது பின்னரே தெரிந்தது. ஆதலால் அந்த எட்டுப் பேரும் துகாவைச் சந்திக்கும் முன்னரே தொற்று உடையவர்களாக இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. தொற்று பாலுறவு வழிப் பரவக்கூடியது என்ற ஆய்வின் முடிவு சரியானது. யாரிடமிருந்து யாருக்கு என்பதை அந்த வரைபடம் காட்டவில்லை; காட்டுவதாகக் கட்டுரையும் சொல்லவில்லை.

இறுதி ஆண்டுகள்

பாலுறவைத் தவிர்க்குமாறு சான் பிரான்சிஸ்கோ நகர நலத்துறை மருத்துவர் செல்மா டிரிட்ஸ் இவரிடம் கூறியதாகவும், இவர் ஏற்க மறுத்ததாகவும் அறியப்படுகிறது. இதனைச் சிறு செய்தியாக ஒதுக்கிவிட இயலாது. எனினும் நோய்க்குக் காரணமான நச்சுயிரி அப்போது கண்டறியப்படவில்லை. புற்றுநோய் தொற்றும் என்பதைப் பலரும் நம்பவில்லை. மார்ச் 1983இல் வான்கூவரில் நடந்த எய்ட்ஸ் பற்றிய பொதுக்கூட்டத்தில் துகாவும் கலந்து கொண்டார். மார்ச் 30, 1984 அன்று கியூபெக் நகரில் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தார். எய்ட்ஸுக்குக் காரணமான நச்சுயிரி கண்டறியப்பட்டுள்ளதாக அமெரிக்க அரசு அறிவித்தது அதற்கு 24 நாட்களுக்குப் பின்னர்.

பெயர் வெளியாதல்

சான் பிரான்சிஸ்கோ குரோனிக்கிள் செய்தியாளர் ராண்டி ஷில்ட்ஸ், எய்ட்ஸ் பரவலையும் ரீகன் அரசின் மெத்தனத்தையும் பற்றி 1987இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். கட்டுரையில் பெயரின்றி இருந்த நோயாளி யார் என்பதைப் பலரிடம் விசாரித்து அறிந்து, துகாவைப் பெயரோடு எழுதினார். அவர் வேண்டுமென்றே நோயைப் பரப்பியவர் என்ற தோற்றம் நூலில் உருவானது. ஒரு நோயாளி நலத்துறை மருத்துவரிடம் தனியே பேசியதும் நூலில் காட்சியாக வந்தது.

அரசியல் விமரிசனமே நூலின் பெரும்பகுதி. ஆனால் அதற்கு ஊடகக் கவனம் கிட்டாது என்று கருதிய பதிப்பாசிரியர் மைக்கேல் டென்னனி, துகாவின் கதையை விளம்பரத்தில் முன்னிறுத்த ஷில்ட்ஸை இணங்க வைத்தார். இதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அக்டோபர் 6, 1987 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழ், எய்ட்ஸை நமக்குத் தந்த மனிதர் என்ற பொருளில் முதற்பக்கத் தலைப்பிட்டது. மறுத்துரைக்கத் துகா உயிருடன் இல்லை. இறந்தவருக்கு அமெரிக்க அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பும் இல்லை.

ஷில்ட்ஸ் தமக்கும் எச்.ஐ.வி தொற்று இருப்பதை நூல் வெளிவந்த ஆண்டிலேயே அறிந்தார். அதனை 1993 வரை பொதுவில் வெளியிடவில்லை. 1994இல் எய்ட்ஸால் இறந்தார்.

தனியுரிமைச் சிக்கல்

எச்.ஐ.வி தொற்று உடையோரின் பெயர்களை நலத்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமா என்ற விவாதம் அமெரிக்காவில் சூடுபிடித்திருந்த காலம் அது. கொலராடோ 1985இல் பெயரோடு அறிவிப்பதைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஆயிற்று. பெயர் கேட்டால் மக்கள் பரிசோதனைக்கே வரமாட்டார்கள் என்று எதிர்ப்பாளர்கள் கூறினர். கலிபோர்னியா முதலிய சில மாநிலங்கள் சில காலம் குறியீடுகளைப் பயன்படுத்தின. 2008இல் எல்லா மாநிலங்களும் பெயர் முறைக்கு மாறிவிட்டன. எனினும் பெயர்கள் மாநில அளவிலேயே நின்றுவிடும். தேசிய மையத்திற்கு ஒலிப்புக் குறியீடு மட்டுமே அனுப்பப்படும்.

துகாவின் பெயர் கட்டுரையின் வழி வெளியாகவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பட்டியலைப் பூட்டி வைப்பதற்கான விதிகள் பல இருப்பினும், மருத்துவர்களும் அலுவலர்களும் தோழர்களும் நினைவில் வைத்திருப்பதை அவை கட்டுப்படுத்துவதில்லை.

மரபணு ஆய்வு

மைக்கேல் வோரோபே தலைமையிலான குழு, 1978-79இல் வேறொரு நோய் ஆய்வுக்காகச் சேமிக்கப்பட்ட குருதி மாதிரிகளிலிருந்து நச்சுயிரியின் மரபணுத் தொகுதியை மீட்டெடுத்தது. கரிபியனிலிருந்து ஏறத்தாழ 1970-71இல் அது நியூயார்க்கை அடைந்திருந்தது எனக் கண்டது. 1983இல் துகாவிடம் எடுக்கப்பட்ட குருதியில் இருந்த நச்சுயிரி அந்த மரத்தின் அடியில் இல்லை. நடுவில் எங்கோ ஒரு கிளையில் இருந்தது. அக்டோபர் 2016இல் நேச்சர் இதழில் வெளியான இக்கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவரான வரலாற்றாளர் ரிச்சர்டு மெக்கே, சுழிய நோயாளிக் கதை உருவான விதம் பற்றி 2017இல் தனி நூல் எழுதினார். பழியைத் துடைக்கும் இவ்வாய்வுகளும் துகாவின் பெயரையும் குருதியையும் கொண்டே நடந்தன.