கேட்க மறந்ததையும் எழுதிவைத்த மருத்துவர்: அபூபக்ர் அர்ராஸீ

ராஸீ என்றதும் தஃப்ஸீர் வகுப்புகளுக்குச் செல்வோருக்கு இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்களின் நினைவுதான் வரும். நாம் இங்கே பார்க்கப்போவது அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முந்திய இன்னொருவரை. இன்றைய தெஹ்ரானை ஒட்டியிருந்த ரய் நகரத்தவரை ராஸீ என்று அழைப்பது வழக்கம். அந்த ஊரில் ஹிஜ்ரி 251-இல் (கி.பி. 865) பிறந்தவர்தான் மருத்துவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ.

இளமையிலேயே மருத்துவம் கற்றவர் அல்லர் இவர். முப்பது வயதைக் கடந்த பிறகே இத்துறைக்கு வந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வந்த பிறகு ரய் நகர மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

அவருடைய மஜ்லிஸ் எப்படி நடந்தது என்பதை இப்னு நதீம் பதிவு செய்திருக்கிறார். ராஸீக்கு அருகே மூத்த மாணவர்கள், அவர்களுக்கு அடுத்து அவர்களுடைய மாணவர்கள், அதற்கும் வெளியே புதியவர்கள் என்று வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். வருகிற நோயாளி முதலில் வெளிவட்டத்தில் உள்ளவர்களிடம் தன் நோயைச் சொல்வார். அவர்களுக்குப் பிடிபடாவிட்டால் அடுத்த வட்டத்திற்குச் செல்வார். யாருக்கும் புரியாதபோதுதான் ராஸீ பேசுவார். ஏழை நோயாளிகளிடம் மிகுந்த பரிவு காட்டினார். அவர்களுக்குப் பொருளுதவியும் செய்தார். எந்நேரமும் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பார் என்றும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

என்ன எழுதினார்? பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டும் அவருடைய நூலைப் பலரும் அறிவார்கள். அதற்கு இணையாகப் பேசப்பட வேண்டியவை அவருடைய நோயாளிக் குறிப்புகள். இன்னார் வந்தார், இந்த அறிகுறிகள் இருந்தன, நான் இப்படி நினைத்தேன், இந்த மருந்து கொடுத்தேன், முடிவு இப்படி ஆனது என்று ஒவ்வொன்றாக எழுதினார். அவருடைய மாணவர்கள் தொகுத்த கிதாபுத் தஜாரிப் என்ற நூலில் மட்டும் ஏறத்தாழ 900 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன.

அல்ஹாவீ நூலில் உள்ள ஒரு நிகழ்வை மட்டும் பார்ப்போம். அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்பவருக்கு ஒழுங்கில்லாத காய்ச்சல். சில சமயம் தினமும் வரும். சில சமயம் நாள் விட்டு வரும். சில சமயம் ஆறு நாளைக்கு ஒருமுறை வரும். முதலில் லேசாக நடுக்கம் எடுக்கும். அடிக்கடி சிறுநீரும் பிரியும். இது முறைக்காய்ச்சலாக மாறலாம், அல்லது சிறுநீரகத்தில் புண் இருக்கலாம் என்று ராஸீ கருதினார். எது என்று உறுதியாகச் சொல்லவில்லை. சில நாட்களில் சிறுநீரில் சீழ் வந்தது. உண்மை விளங்கியது. அதற்கேற்ற மருந்து கொடுத்தார். சுமார் இரண்டு மாதங்களில் நோயாளி குணமடைந்தார்.

குணமானதோடு அவர் எழுதி முடித்திருக்கலாம். ஆனால், முதலிலேயே ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று தன்னைத்தானே விசாரிக்கிறார். நோயாளிக்கு முன்பே இத்தகைய காய்ச்சல்கள் வந்திருந்ததால் எண்ணம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என்று தான் கேட்கத் தவறிவிட்டதை ஒப்புக்கொள்கிறார். பிறகு கேட்டபோது, ஆம் என்றார் நோயாளி. நோயாளியின் தந்தைக்கும் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்தது தனக்குத் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை.

அறிவிப்பாளர்களின் சிறு மறதியைக்கூட விட்டுவைக்காமல் பதிவு செய்த ஹதீஸ் கலையை மத்ரஸாவில் படித்த நமக்கு இந்த நேர்மையின் கனம் புரிகிறது. அடுத்து இதே காய்ச்சலோடு ஒருவர் வந்தால், அந்தக் குறிப்பைப் படித்த மாணவர் இடுப்பில் பாரம் இருக்கிறதா என்று கேட்பார் அல்லவா? ஆசிரியரின் தவறு இன்னொரு நோயாளிக்கு மருந்தாகிவிடுகிறது.

மருத்துவத்தில் பெரும் ஆதாரமாகக் கருதப்பட்ட கிரேக்க அறிஞர் ஜாலீனூஸையும் அவர் இதே அளவுகோலால் அளந்தார். நூலில் உள்ளதும் தான் நோயாளிகளிடம் கண்டதும் பொருந்தாத இடங்களை எடுத்துக்காட்டித் தனி நூலே எழுதினார். ராஸீயின் பெயரில் சொல்லப்படும் சில தத்துவக் கருத்துகளை மார்க்க அறிஞர்கள் கடுமையாக மறுத்துள்ளனர் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது மருத்துவத்தையும் அதிலிருந்த நேர்மையையும்.

இறுதிக் காலத்தில் அவருடைய பார்வை பறிபோனது. ஹிஜ்ரி 313-இல் (கி.பி. 925) ரய் நகரில் மறைந்தார். அவருடைய குறிப்புகள் சகோதரியிடம் இருந்தன. அமைச்சர் இப்னுல் அமீத் அவற்றை விலைகொடுத்து வாங்கி, மாணவர்களைக் கொண்டு ஒழுங்குபடுத்தினார். அதுவே அல்ஹாவீ. 1279-இல் ஃபரஜ் இப்னு ஸாலிம் என்ற யூத மருத்துவர் அதை லத்தீனில் மொழிபெயர்த்தார். அரபு மூலத்தை நம் ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1955 முதல் 23 பாகங்களாக அச்சிட்டது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவம் படிக்கிறார்கள். குணமாக்கிய கதைகளோடு, தவறவிட்ட கேள்விகளையும் எழுதிவைக்கும் பழக்கத்தை அவர்கள் ராஸீயிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும். மருத்துவரிடம் செல்லும் நாமும் வாப்பாவுக்கு இருந்த நோய், முன்பு வந்த காய்ச்சல், சொல்லக் கூச்சப்படும் உபாதை எதையும் மறைக்காமல் சொல்வோம். கேட்க மறப்பது மருத்துவருக்கும் நேரும். சொல்வது நம் கையில் இருக்கிறது.

நோயைத் தருபவனும் நிவாரணம் அளிப்பவனுமான அல்லாஹ், நம் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், நம் மருத்துவர்களுக்குத் தெளிவையும் உண்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.