தெருவில் நோயைக் கண்ட டாக்டர்

லண்டன் நகரில் ஹாக்ஸ்டன் என்று ஒரு பகுதி. அங்கே 1755-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் அந்தப் பகுதி வைத்தியர். பிள்ளையும் அதே தொழிலைக் கற்றார். அவர்தான் ஜேம்ஸ் பார்க்கின்சன். நடுக்கு வாத நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

ஏழைகளின் நண்பர்

பார்க்கின்சன் ஏழைகளுக்காகப் பரிந்து பேசினார். புனைபெயரில் சிறு நூல்கள் எழுதி, ஆட்சியாளர்களைச் சாடினார். 1794-ல், மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாகப் புகார் கிளம்பியது. அதில் அவரையும் அழைத்து விசாரித்தார்கள். திரும்பி வந்தவர், பழையபடி நோயாளிகளைக் கவனித்தார்.

ஆறு பேர்

சிலருக்குக் கை ஓயாமல் நடுங்குவதை அவர் கண்டார். உடல் முன்புறம் கூனியது. நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக முடிந்தது. இப்படிப்பட்ட ஆறு பேரை அவர் கூர்ந்து கவனித்தார். அவர்களில் மூன்று பேர் தெருவில் கண்டவர்கள். ஒருவரைத் தூரத்திலிருந்துதான் பார்த்தார்! 1817-ல், தமது 62-வது வயதில், இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

நோயாளியின் புலன்களுக்குக் கெடுதல் இல்லை என்று அதில் எழுதினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் இறந்தவரின் உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு தமக்குக் கிட்டவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. மற்றவர்கள் மேலும் ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1824 டிசம்பர் 21-ல் காலமானார். பிற்காலத்தில் ஷார்கோ என்ற பிரெஞ்சு டாக்டர்தான் நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார்.

கண்ணில் அடையாளம்

மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் இந்த நடுக்கம் வருகிறது. அத்தகைய செல்கள் கண்ணுக்குள்ளும் உண்டு! கண்ணின் பின்புறம் உள்ள மெல்லிய விழித்திரையில் அவை இருக்கின்றன. நோயாளிகள் பலருக்கு விழித்திரையின் உள் அடுக்குகள் மெலிந்துவிடுகின்றன. மங்கலான எழுத்தைப் படிப்பதும், நிறங்களைப் பிரித்து அறிவதும் சிரமமாகின்றன.

பார்க்கின்சன் வாழ்ந்த வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1899-ல் மூர்பீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரியின் புதிய கட்டடம் எழுந்தது. அதன் டாக்டர்களும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களும் 2023-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். லண்டன் கண் நோயாளிகள் 1,54,830 பேரின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். வேறு 67,311 பேரின் விவரங்களையும் பார்த்தார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் சிலருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு முன்பே விழித்திரை மெலிந்திருந்தது!

கண் படத்தை மட்டும் பார்த்து, இன்னாருக்கு இந்த நோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. நோயை அடியோடு போக்கும் மருந்தும் இன்னும் இல்லை. ஆனால் முன்கூட்டியே அறிய வழி பிறந்தால், செல்கள் அழியுமுன் காக்கும் மருந்தைத் தேடலாம்.

பார்க்கின்சனின் உருவப்படம் ஒன்றுகூட இன்று இல்லை. ஆராயுங்கள் என்று அவர் விட்டுச்சென்ற வேலை மட்டும் இன்றும் நடக்கிறது.